ஆற்றைக் காக்கும் கசடு

வீட்டிலிருந்து போகும் சாக்கடை நீரில் ஆயிரத்தில் 999 பங்கு வெறும் தண்ணீர். மிச்சமுள்ள ஒரு பங்கு எப்படி ஓர் ஆற்றையே சாகடிக்கிறது? பெரும்பாலும் மூச்சை முட்ட வைத்துத்தான். ஆற்றில் கலக்கும் அழுக்கை பாக்டீரியாக்கள் தின்கின்றன. தின்னும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்கின்றன. ஒரு லிட்டர் சாக்கடையைத் தின்று தீர்க்கச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் இருப்பதோ ஏழரை மில்லிகிராம். இரண்டு குடம் ஆற்று நீரின் மூச்சை ஒரு லிட்டர் சாக்கடை குடித்துவிடும்! பாக்டீரியா பெருக நேரம் எடுப்பதால், சாக்கடை கலக்கும் இடத்தைவிடப் பல கிலோமீட்டர் கீழேதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகிறது.

அந்த விருந்தை ஆற்றுக்கு வெளியே, ஒரு தொட்டிக்குள் முடித்துவிட்டால்? சுத்திகரிப்பு நிலையம் செய்வது அதைத்தான். ஆனால் ஆறு நாள்கணக்கில் செய்வதைச் சில மணி நேரத்தில் செய்தாக வேண்டும். வழி கிடைத்தது இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரின் டேவிஹல்ம் கழிவுநீர் நிலையத்தில். எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் இருவரும் பாட்டிலில் சாக்கடை நீரை நிரப்பி, காற்றைக் குமிழியாக விட்டுக்கொண்டே இருந்தார்கள். முழுதாகச் சுத்தமாக ஐந்து வாரம் ஆயிற்று. வேறு யாராயிருந்தாலும் பாட்டிலைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார்கள். இவர்களோ தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கசடின் மேலேயே புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கசடு கூடியது, நேரம் குறைந்தது. கடைசியில் சில மணி நேரமே போதும் என்றானது. 1914இல் அதை அறிவித்தார்கள். அவர்களுக்கு இந்தத் திசையைக் காட்டிய கில்பர்ட் ஃபௌலர், 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

உறை ஊற்ற நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து வைக்கிறோமே, அதே சூட்சுமம். சுத்திகரிப்பு நிலையத்திலோ ஏறக்குறைய முழுக் கசடையும் திருப்பி அனுப்புகிறார்கள். மிகுதியை மட்டும் வெளியேற்றுகிறார்கள். இதற்கு ‘உயிர்ப்பூட்டிய கசடு’ என்று பெயர். அதாவது, பசியோடிருக்கும் பாக்டீரியாக் கூட்டம். இதில் என்னை மிகவும் கவர்வது இரண்டு கடிகாரங்கள். தண்ணீர் காற்றூட்டத் தொட்டியில் ஆறு மணி நேரம்போல இருந்துவிட்டுப் போய்விடுகிறது. பாக்டீரியா பத்து நாள் அளவுக்குத் தங்குகிறது. அதனால்தான், தினம் பத்து லட்சம் லிட்டர், அதாவது எண்பது லாரிக்கு மேல் சாக்கடை வரும் சிறு நகருக்கு, இரண்டரை லட்சம் லிட்டர் தொட்டியே போதுகிறது.

கசடைத் திருப்பி அனுப்ப, அது முதலில் அடுத்துள்ள படிவுத் தொட்டியில் படிய வேண்டும். தனித்தனியே மிதக்கும் பாக்டீரியா எளிதில் அடியில் படியாது. பசை சுரந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால்தான் படிகிறது. திரளை நுண்ணோக்கியில் பார்த்தால், நீண்ட காம்பின் நுனியில் மணி வடிவில் ஓர் உயிர் ஆடிக்கொண்டிருக்கும். அது வோர்ட்டிசெல்லா. தொட்டதும் அதன் காம்பு சுருளாகச் சுருங்கும், நொடியில் நூறில் ஒரு பங்குக்குள்! ஒட்டாமல் திரியும் பாக்டீரியாவை அது விழுங்குவதாலும் நீர் கலங்கலின்றி வெளியேறுகிறது.

நிலையத்தின் ஆபரேட்டர் தினமும் ஒரு லிட்டர் அளவு ஜாடியில் காற்றூட்டத் தொட்டியின் பழுப்பு நீரை மொண்டு வைத்து, அரை மணி நேரம் காத்திருக்கிறார். கசடு கால் ஜாடி உயரத்துக்கு இறங்கி, மேலே தெளிந்திருந்தால் நிம்மதி. இழை பாக்டீரியா பெருகிவிட்டால் கசடு உப்பி நிற்கும். அன்றைக்கு ஆற்றுக்குப் போகும் நீரிலும் கசடு கலந்துவிடலாம்.

சாக்கடை நீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா இன்னும் பாக்கி. சில வகை பாக்டீரியா அதை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரேட் ஆக்குகிறது. காற்று விடாத தொட்டிக்கு அந்த நீரை அனுப்பினால், மூச்சுக்கு வழியில்லாத வேறு பாக்டீரியா நைட்ரேட்டிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சிய நைட்ரஜன் குமிழியாகிக் காற்றில் கலந்துவிடும். இதே வேலை இடம் மாறிப் படிவுத் தொட்டியில் நடந்தால் ஆபத்து: குமிழிகள் கசடைக் கட்டிகட்டியாக மேலே தூக்கிவந்துவிடும். கசடு அடியில் நெடுநேரம் கிடக்காதபடி, ஆபரேட்டர் திருப்பி அனுப்பும் பம்பை நிறுத்தாமல் ஓடவிடுவது அதனால்தான்.