வந்தவன் உறவினனாதல்: அறுகம்பேக் கரையோரத்துக் குடிமரபு

நகரவாழ்வை விட்டு அகன்று செல்வோர் தொலைவிலுள்ள கரையொன்றிற் காதலையும் பண்பாட்டுறவையும் கண்டடைவர் என்பது பயண எழுத்துக்களிற் பெருவழக்கான எண்ணம். கடலலைச் சறுக்கலுக்குப் பெயர்பெற்ற அறுகம்பேயும் இவ்வெண்ணத்துடன் இணைத்துப் பேசப்படுவதுண்டு. ஆயின், வந்தவனை உறவினனாக்கும் முறை இக்கரையோரத்துக்குப் புதிதன்று. அம்முறை யாது, அதற்கு ஆதாரமாய் நிற்பவர் யாவர் என்பனவற்றையே ஈண்டு நோக்குவோம்.

பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம்களிடையும் அயலிலுள்ள தமிழரிடையும் தாய்வழிக் குடிமுறை நிலவிவந்துள்ளது. பிள்ளை தாயின் குடியைச் சாரும். ஒரே குடிக்குள் மணஞ்செய்தல் மரபன்று. மணமகன் மனைவியின் வீட்டுக்கே செல்வான். அவ்வீடு பெற்றோர் மகளுக்கு அளிக்கும் சீதனம். வெளியூரான் ஒருவன் இங்கு மணஞ்செய்யின், அவனுக்குக் குடி இல்லாவிடினும் அவன் பிள்ளைகளுக்குக் குடி உண்டு. ஒரு தலைமுறையில் அந்நியம் அகன்றுவிடுகின்றது.

முக்குவருக்கும் திமிலருக்கும் நிகழ்ந்த போரில் முக்குவருக்குத் துணைநின்ற முஸ்லிம்களுக்குப் பெண் கொடுக்கப்பட்டதென மட்டக்களப்பு ஐதிகம் கூறும். இதனை வரலாறாக அப்படியே கொள்ளவேண்டியதில்லை. இரு சமூகத்தாரும் ஒத்த குடிமரபுடையோராய் இருத்தற்கு மக்கள் கண்ட விளக்கமெனக் கொள்ளலே பொருந்தும். எனினும், அவ்வைதிகத்திற் பெண் கொடுக்கப்படும் பொருளாகவே நிற்கின்றாள். அவளது விருப்பம் வினவப்படவில்லை.

அவ்விருப்பத்தின் குரலை நாட்டார் கவிகளிலே கேட்கலாம். நிந்தவூர் எஸ். முத்துமீரான் முதலியோர் இவற்றைத் தொகுத்துள்ளனர். வட்டையிற் காவலிருக்கும் ஆடவனை எண்ணி ஏங்கும் பெண் அவனை 'மச்சான்' என விளிக்கின்றாள். அச்சொல் மணமுறைக்குரிய மாமன் மகனையும் மாமி மகனையும் குறிப்பது. காதலும் இங்கு உறவின் மொழியிலேயே பேசுகின்றது.

இவ்வுறவுக்கெல்லாம் நிலைக்களன் பெண்ணின் வீடு. அதனைக் கட்டும் சுமை பெற்றோரையும் சகோதரரையும் வருத்துகின்றது என்பது மெய்யே; ஆயினும் கைவிடப்பட்டவளுக்கும் கைம்பெண்ணுக்கும் அதுவே புகலிடம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோர வீடுகளை அழித்தது. பின்னர் உதவி வீடுகள் பல 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆடவருக்கு எழுதப்பட்டன. மரபு பெண்ணுக்கு அளித்திருந்த உரிமையை நிருவாகப் படிவம் ஒன்று பறித்துவிட்டது. கிழக்கின் பெண்கள் அமைப்புக்கள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பியமை நியாயமே.

வந்தவனை உறவினனாக்கியது அவள் வீடு. அவ்வீடு அவள் பெயரில் நிலைபெறாதவிடத்து, பண்பாட்டுறவு பற்றிய பேச்சு வெறும் அலங்காரமாகவே முடியும்.