மடக்குத் திறன்பேசியின் கவர்ச்சியும் பயன்பாடும்

விரித்தால் பெரிதாகவும் மடித்தால் சிறிதாகவும் இருத்தல் வேண்டும் என்பது, மனிதன் தன் கைப்பொருள்கள்பால் நெடுங்காலமாகக் கொண்டுள்ள விருப்பாகும். பாயைச் சுருட்டினான், குடையை ஒடுக்கினான், கதிரையை மடக்கினான், தேசப்படத்தைப் பல மடிப்பாக்கிச் சட்டைப் பையில் வைத்தான். இவ்விருப்பின் அண்மைக்கால வெளிப்பாடே மடக்குத் திறன்பேசி. இஃது எங்ஙனம் மடங்குகின்றது, இதன் கவர்ச்சி யாது, நாளாந்த வாழ்வில் எவ்வளவிற்குப் பயன்படும் என்பவற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் இழுபடுகின்றது, உட்புறம் நெருக்குண்கின்றது, இவ்விரண்டிற்கும் இடையே இழுபடாததும் நெருக்குண்ணாததுமான ஒரு தளம் உண்டு. அதனை நடுநிலைத் தளம் என்பர். வெளிப்புறம் அடையும் விகாரம், தகட்டின் தடிப்பை வளைவின் ஆரையினது இருமடங்கால் வகுக்க வருவதாகும். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியை ஒன்றரை மில்லிமீற்றர் ஆரையில் வளைக்க முயன்றால், விகாரம் நூற்றுக்கு 17 அளவாகும். கண்ணாடி அதனைத் தாங்காது நொறுங்கும். தடிப்பை 30 மைக்கிரோமீற்றராகக் குறைத்தாலோ, அதே வளைவில் விகாரம் நூற்றுக்கு 1 மாத்திரமே. ஆகவே கண்ணாடியை மடங்கச் செய்தது மந்திரமன்று, அதன் மென்மையே. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த சாம்சங் நிறுவனத்தின் கலக்சி இசட் பிளிப் இத்தகைய மென்கண்ணாடியைக் கொண்டதாகும். அதன் மேலும் ஒரு பிளாஸ்ரிக் படை காவலாக ஒட்டப்பட்டிருந்தது.

கண்ணாடி மாத்திரம் மடங்கினாற் போதாது. ஒளிதரும் படையும் மடங்குதல் வேண்டும். திரவப் பளிங்குத் திரைக்குப் பின்னிருந்து ஒளியூட்டும் அமைப்பொன்று தேவை. அதனை மெல்லியதாக்கி மடிப்பது அரிது. சேதன ஒளிகாலும் இருவாயிகளாலாய திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கின்றது. பின்னொளி வேண்டாமையால், வளையத்தக்க பொலியிமைட்டுத் தளத்தின்மீது அதனை ஆக்க முடிந்தது. இரு பாதிகளையும் இணைக்கும் பிணைச்சலும் நுட்பம் வாய்ந்தது. திரை கூர்மையாக ஒடியாது, மடிப்பினுள் நீர்த்துளி வடிவில் வளைந்து தங்குமாறு இடம்விடும் பிணைச்சல்கள் பின்னர் வந்தன. வளைவின் ஆரை பெருகப் பெருக, விகாரமும் மடிப்புத் தடமும் குறையுமன்றோ?

2018ஆம் ஆண்டின் இறுதியில் றொயோல் என்னும் நிறுவனம் இவ்வகைக் கருவியொன்றை விற்பனைக்கு அறிவித்தது. 2019 பெப்ரவரியில் சாம்சங் தன் கலக்சி போல்ட்டை அறிமுகஞ் செய்தது. ஏப்ரலில் விற்பனைக்கு வரவிருந்த அக்கருவி, முன்னரே பெற்றுச் சோதித்தோர் சிலரது கைகளிற் பழுதுற்றது. திரையின் மேற்படையைப் பொதியுடன் வந்த காப்புத்தாளென்று கருதிச் சிலர் உரித்தெடுத்தனர். வேறு சிலவற்றில் பிணைச்சல் இடைவெளியாற் சிறு துணிக்கைகள் உட்புகுந்தன. படையின் ஓரங்களைச் சட்டத்தின்கீழ் மறைத்து, இடைவெளிகளையும் அடைத்த பின்னர், செப்ரெம்பரிலேயே அது விற்பனைக்கு வந்தது. இக்கருவியின் உயிர்நிலை யாது, பகை யாது என்பதை இவ்வொரு நிகழ்ச்சியே உணர்த்தும்.

இனி, கவர்ச்சியை நோக்குவோம். இக்கருவிகள் இருவகையின. நூல்போல விரிவது ஒருவகை. சிமிழ்போல மூடுவது மற்றொருவகை. முன்னையது கைப்பேசியைப் பெரிதாக்குகின்றது. பின்னையது வழக்கமான கைப்பேசியைப் பாதியாக்குகின்றது. விரிந்த திரையில் ஒருபுறம் ஆவணத்தையும் மறுபுறம் குறிப்பையும் வைத்து வேலை செய்யலாம். பார்வை குன்றியோர் எழுத்தைப் பெருப்பித்து வாசிப்பினும் ஒருவரியிற் பல சொற்கள் அடங்கும். சிமிழ்வகையைப் பாதி திறந்து மேசைமேல் நிறுத்தினால், தாங்கியின்றியே முகம்பார்த்து உரையாடலாம். எனினும் நூல்வகையின் விரிந்த திரை ஏறத்தாழச் சதுரமாதலின், அகன்ற திரைப்படக் காட்சி அதனை நிரப்பாது. மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் எஞ்சும். எனவே படம் பார்ப்போனிலும் வாசிப்போனுக்கே அதனாற் பயன் மிகுதி.

பயன்பாட்டை நோக்குமிடத்து, முதலில் எழும் வினா ஆயுள் பற்றியது. தொடக்கக் கருவிகள் 200,000 முறை மடித்துச் சோதிக்கப்பட்டன. நாளொன்றுக்கு 100 முறை திறந்து மூடினால், இஃது ஐந்தரை ஆண்டுகளுக்குக் காணும். 2025இற் சாம்சங் தன் புதிய திரைக்குக் கூறிய எண் 500,000. அது 13 ஆண்டுகளிலும் மேலாகும். ஆயினும் சோதனைப் பொறி ஒரே சீராக மடிக்கின்றது. நம் கையோ வியர்வையோடும் மணலோடும் மடிக்கின்றது. 2021இலேயே நீரைத் தாங்கும் மடக்குப் பேசிகள் வந்துவிட்டன. தூசியைத் தடுப்பதே நெடுங்காலம் அரிதாயிருந்தது. அதிலும் முழுக் காப்புத் தரம் பெற்ற கருவியைக் கூகுள் 2025இல் வெளியிட்டது. கடற்காற்றும் குறுமணலும் சூழ வாழ்வோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது வினா விலை பற்றியது. 2019இன் கலக்சி போல்ட் மூடியநிலையிற் பிணைச்சற் பக்கத்தில் 17 மில்லிமீற்றர் வரை தடித்திருந்தது. 2025இன் ஏழாம் பதிப்பு 8.9 மில்லிமீற்றரே. அமெரிக்காவில் அறிமுக விலையோ முன்னையதற்கு 1,980 டொலர், பின்னையதற்கு 1,999 டொலர். ஆறாண்டிற் கருவி மெலிந்தது, விலை மெலியவில்லை. இப்பணத்திற்கு நல்லதொரு சாதாரண திறன்பேசியையும், அதனோடு அகன்ற திரையுடைய கைக்கணினி ஒன்றையும் வாங்கலாம். இரண்டையும் சுமத்தல் வேண்டும் என்பதே குறை.

பட்டுச் சேலையை நெடுநாள் ஒரே மடிப்பில் வைத்தால் மடிப்பு வழியே இற்றுப்போம் என்பதை நம் தாய்மார் அறிவர்; ஆதலின் அவ்வப்போது மடிப்பை மாற்றி வைப்பர். மடக்குத் திறன்பேசிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அஃது என்றும் ஒரே கோட்டிலேயே மடங்கும். அதன் சிறப்பும் அக்கோட்டில் உளது. தளர்ச்சியும் அக்கோட்டில் உளது. பொறியியலார் அக்கோட்டின் தளர்ச்சியை ஆண்டுதோறும் குறைத்து வருகின்றனர் என்பது பாராட்டற்குரியதே.

ஆகவே வாங்க விழைவோன் தன்னையே வினவவேண்டியது ஒன்றுண்டு: விரிந்த திரையை நான் நாள்தோறும் எதற்காகத் திறப்பேன்? வாசித்தல், எழுதுதல், ஒப்புநோக்கல் என விடை வருமாயின் இக்கருவி அவனுக்கு உகந்தது. பிறர் முன் திறந்து காட்டுதற்கே என வருமாயின், சில திங்களில் அது மூடியே கிடக்கும். மூடிக்கிடக்கும் மடக்குப் பேசி, இருமடங்கு விலை கொடுத்துப் பெற்ற சாதாரண பேசியேயன்றிப் பிறிதன்று.