தின்னர் டின்னிலும் மெத்தனால்! ஸ்பிரே கன் கழுவுவோர் உஷார்!

மரக்காணம், எக்கியார்குப்பம். 2023 மே மாதம் இங்கே விஷச் சாராயம் குடித்து 14 பேர் பிணமானார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் 8 பேர். மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் பலி!

எமனாக வந்தது மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாக உபயோகிக்கும் திரவம்.

இதே சரக்கு இன்னொரு டின்னிலும் இருப்பது பலருக்குத் தெரியாது. அதுதான் பெயிண்ட் தின்னர்!

எல்லாத் தின்னரிலும் இல்லை. சிலவற்றில் உண்டு. உப்புக் காற்று இரும்பை விட்டு வைக்காது. கடற்கரை ஊர்களில் லாரிக்கும் கேட்டுக்கும் பெயிண்ட் வேலை ஓய்வதில்லை. வேலை முடிந்ததும் கன்னைத் தின்னரில் கழுவுகிறார்கள். அப்படியே கையையும்!

தோல் வழியாகவும் போகும்

மெத்தனாலைக் குடித்தால்தான் ஆபத்து என்பதில்லை. தோல் வழியாக, மூச்சு வழியாகவும் ரத்தத்தில் கலக்கும். ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக்கும். கண் நரம்பைப் பதம் பார்ப்பது அந்த அமிலம்தான். ஒருநாள் கழுவியதால் கண் போய்விடாது. காற்றோட்டமில்லாத ஷெட்டில் தினமும் என்றால் விளையாட்டல்ல.

எதை வாங்குவது?

டின்னில் என்னென்ன இருக்குன்னு கேட்டு வாங்குங்க. மெத்தனால், பென்சீன் இரண்டும் வேண்டாம். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும்.

மெத்திலீன் குளோரைடு லேசில் தீப்பிடிக்காது என்று மயங்குவோர் உண்டு. உடம்புக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். அலுமினியக் கன்னில் ஊற்றி அழுத்தம் கொடுத்தால் வெடிக்கவும் கூடும்! அமெரிக்கா 2024-ல் இதன் பெரும்பாலான உபயோகங்களுக்குத் தடை போட்டது.

அசிட்டோனில் விஷம் கம்மி. ஆனால் பீடி நெருப்பு பக்கத்தில் வந்தால் குப்பென்று பற்றும். சாதா எனாமலுக்கு மினரல் டர்ப்பன்டைன் போதும். அது மெதுவாகத்தான் ஆவியாகும். தண்ணீரில் கலக்கும் பெயிண்டா? தண்ணீரும் சோப்பும்தான். காசும் மிச்சம்!

எதுவானாலும் கன்னில் ஊற்றி காற்றில் பீய்ச்சாதீங்க. நாசிலைக் கழற்றி மூடியுள்ள டப்பாவில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்க்கலாம். மெல்லிய ஆஸ்பத்திரிக் கையுறை அசிட்டோனுக்குத் தாங்காது. கெட்டியான பூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும்.

இன்னொன்று. மிச்சத் தின்னரை குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கும் பழக்கம். எக்கியார்குப்பத்துக்குப் பிறகுமா? முதலில் அதை நிறுத்துங்க!