நிற்கும் வண்டி வரைபடத்தில் நகர்வது ஏன்?

சிக்னலில் நிற்கும் காரை வழிகாட்டிச் செயலி பக்கத்துத் தெருவில் காட்டுவது ஏன் என்ற வாசகர் கேள்விக்கு, செயற்கைக்கோள் கிடைக்கவில்லை என்ற வழக்கமான பதில் பொருந்தாது. உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய ஹாங்காங்கின் நேதன் சாலையிலும் டோக்கியோவின் ஷின்ஜுகுவிலும் சமிக்ஞை கிடைக்கத்தான் செய்கிறது. நேராக வருவதோடு, சுவர்களில் பட்டுத் திரும்பியதும் சேர்ந்து கிடைப்பதே சிக்கல்.

ஜிபிஎஸ் ஏற்பி, செயற்கைக்கோள் அனுப்பும் குறிநிரலின் இரு நகல்களை, ஒன்றைச் சற்று முந்தியும் மற்றதைச் சற்றுப் பிந்தியும் வைத்து, வந்த சமிக்ஞையோடு ஒப்பிட்டு, இரண்டும் சம அளவில் பொருந்தும் கணத்தையே வருகை நேரமாகக் கொள்கிறது. இது இரு தட்டுத் தராசு என்றால், எதிரொளித்த அலை பிந்திய தட்டின் அடியில் ஒட்டப்பட்ட புளி. முள் அந்தப் பக்கம் சாய, தூரம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் இந்தப் புளி சில வேளை எடையைக் குறைக்கவும் செய்யும் என்பதுதான் வியப்பு. திரும்பிய அலையின் முகடு நேர் அலையின் அகட்டோடு சேரும்போது பிந்திய தட்டு இலேசாகி, தாமதமாக வந்த அலையே தூரத்தைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. அலைநீளம் 19 செ.மீ. மட்டுமே என்பதால் ஓடும் வண்டியில் இந்தக் கூடுதலும் குறைவும் விரைந்து மாறிப் பெரும்பாலும் ஈடாகிவிடுகின்றன. நிற்கும் வண்டியிலோ செயற்கைக்கோளின் நகர்வுக்கேற்ப மெதுவாகவே மாறுவதால், வரைபடத்தில் வண்டி ஊர்கிறது.

நேர்வழி முற்றிலும் மறைக்கப்பட்டு எதிரொளிப்பு மட்டும் எட்டினால், பிழை எப்போதும் கூடுதல் பக்கமே விழும்.

வரலாற்றில் குறிப்பிட வேண்டியது ஒன்றே: முன்பு அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000 மே மாதம் நிறுத்தப்பட்ட பின்னரே, சுவர்களின் பிழை சாதாரணப் பயனாளரின் கண்ணுக்குத் துலங்கியது.

இரட்டை அதிர்வெண் கைப்பேசிகள் இந்த எதிரொளிப்புப் பிழையை ஒழித்துவிடும் என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க இயலாது. ஜிபிஎஸ்ஸின் பழைய குறிநிரலில் ஒரு துடிப்பு சுமார் 293 மீட்டர் நீளம், எல்5 அலைவரிசையில் சுமார் 29 மீட்டர். ஆகவே எல்5-இல், துடிப்பின் நீளத்தைவிடப் பிந்தி வரும் தொலைச் சுவரின் எதிரொளிப்பு தனியே பிரிந்துவிடும், பத்து மீட்டரில் நிற்கும் சுவருடையது பிரியாது. அயனமண்டலப் பிழையை நீக்க இரு அதிர்வெண்களையும் கணக்கில் இணைக்கும்போது எதிரொளிப்புப் பிழை பெருகவும் கூடும். மேலும், இந்தியாவின் வழிகாட்டல் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் அதே எல்5 அதிர்வெண்ணில் அனுப்பும் பொதுச் சேவைக் குறிநிரலின் துடிப்பு பழைய ஜிபிஎஸ் அளவுக்கே நீளமானது. பயன் தருவது அதிர்வெண்ணின் பெயரன்று, துடிப்பின் குறுமை. சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் உணரியைத் துணைகொள்ளும் வண்டிக்கு, தான் நிற்பதை அறியச் செயற்கைக்கோளே தேவையில்லை.