சந்திப் பேச்சும் விஞ்ஞானச் செய்தியும்

வெயில் தாழ்ந்ததும் திருக்கோணமலை டச்பே கடற்கரையிலும் தேநீர்க் கடைகளிலும் மக்கள் கூடிப் பேசுவது நெடுநாள் வழக்கம். முன்னாளில் அப்பேச்சில் துறைமுகத்துக்கு வந்த கப்பலும் மீன் விலையும் அரசியலும் இடம்பெற்றன. இன்று அவற்றோடு புதுவகைக் கைத்தொலைபேசி, கேட்டதற்கெல்லாம் மறுமொழி கூறும் கணினி, பிள்ளைகள் கண் இமையாது ஆடும் கணினி விளையாட்டு, இரவு வானில் ஊர்ந்து சென்ற ஒளிப்புள்ளி, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் சூடு ஒன்றுபோல் இராமைக்குக் காரணம் ஆகியனவும் சேர்ந்துள்ளன.

இத்தகைய பேச்சை வீண்பேச்சென்று ஒதுக்குவோர் உளர். ஆயினும் விஞ்ஞானச் செய்தி பாடநூலுக்குள் புகுமுன்னரே சந்திக்கு வந்துவிடுகிறது. பள்ளிப் படிப்பை நிறுத்தி முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தவர்க்கு அச்சந்தியே விஞ்ஞான வகுப்பாக அமைகின்றது. அங்கே ஒரு செய்தி எவ்வாறு கேட்கப்படுகின்றது, எவ்வாறு ஆராயப்படுகின்றது என்பதில் பெரும் பயனும் உண்டு. பெருங் கேடும் உண்டு. திருக்கோணமலை மாவட்டத்தில் நிகழ்ந்தவற்றைக் கொண்டே இதனை விளக்கலாம்.

முதலில் வீட்டுக்கூரை மேல் இருக்கும் தொலைக்காட்சித் தட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மார்ச் மாத நடுப்பகுதியில் ஒரு நாள், வானம் தெளிந்திருக்கும் நண்பகல் வேளையில், படம் திடீரெனக் கலங்கி மறைகின்றது. சில நிமிடங்களில் தானே திரும்பி வருகின்றது. மறுநாளும் ஏறக்குறைய அதே நேரத்தில் அவ்வாறே நிகழ்கின்றது. உடனே சந்தியிலே பல காரணங்கள் பிறக்கின்றன. கம்பி பழுதென்பார் ஒருவர்; கட்டணம் கூட்டுவதற்கான தந்திரம் என்பார் மற்றொருவர்; கடற்படைக் கப்பல் துறைமுகத்துள் வந்ததால் நேர்ந்ததென்பார் இன்னொருவர். உண்மைக் காரணம் இவற்றினும் வியப்பானது. அதனை அறிய வேண்டுமாயின், அத்தட்டு எதனை நோக்கி நிற்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பூமிக்கு மேலே சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் செய்மதி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகின்றது. ஏறத்தாழ 3,84,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சந்திரனுக்கு ஒரு சுற்றுக்கு 27 நாட்களுக்குச் சற்று மேல் ஆகின்றது. தொலைவு கூடக் கூடச் சுற்றும் காலமும் கூடுகின்றது. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையில், பூமி தன்னைத் தானே ஒருமுறை சுழலும் அதே நேரத்தில் செய்மதியும் ஒரு சுற்றை முடிக்கும் உயரம் ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வுயரம் பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர். அங்கே பூமி சுழலும் திசையிலேயே செல்லும் செய்மதி, கீழிருந்து பார்ப்பவர்க்கு வானத்தில் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்கும். தட்டை ஒருமுறை திருப்பி வைத்தாற் போதும். பின்னர் அசைக்க வேண்டுவதில்லை.

இந்தியா 83 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிறுத்தியுள்ள செய்மதிகள் திருக்கோணமலைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே உள்ளன. இவ்வூர் பூமத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், அவற்றை நோக்கும் தட்டு ஏறக்குறைய உச்சிவானையே பார்த்து நிற்கும். இலண்டனில் வாழும் உறவினர் வீட்டுத் தட்டோ அடிவானை நோக்கிச் சரிந்து நிற்கும். இரண்டும் பார்ப்பது பூமத்திய கோட்டுக்கு மேலுள்ள ஒரே வளையத்தைத்தான். பார்க்கும் இடமே வேறு.

இனி, சூரியன் மார்ச் மாதத்தில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வருகையில், சில நாட்கள் அச்செய்மதிக்கு நேர் பின்னே வந்து நிற்கின்றது. சூரியன் ஒளியை மட்டுமன்றி வானொலி அலைகளையும் வீசுகின்றது. செய்மதியின் மெல்லிய குரல் அவ்விரைச்சலில் மூழ்கிவிடுகின்றது. சூரியன் நகர்ந்ததும் படம் திரும்புகின்றது. செப்டெம்பர் மாத இறுதியில் அது தெற்கு நோக்கி மீள்கையிலும் இவ்வாறே நேரும். காரணம் தெரிந்தவர், அடுத்த ஆண்டு எந்நாட்களை ஒட்டிப் படம் மறையும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். ஊகத்துக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: ஊகம் நடந்ததற்குக் காரணம் கற்பிக்கின்றது, அறிவு நடக்கப்போவதையும் சொல்லித் தன்னைச் சோதனைக்கு உட்படுத்துகின்றது.

இவ்வளையத்தின் பயனை உலகுக்கு எடுத்துரைத்தவர் திருக்கோணமலைக்கு அந்நியரல்லர். ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர், 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில், இவ்வுயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதினார். மனிதன் செய்த பொருளெதுவும் அன்று பூமியைச் சுற்றியதில்லை. 1964 ஓகஸ்டில் ஏவப்பட்ட 'சின்கொம் 3' என்னும் செய்மதி அவ்வளையத்தில் நிலைபெற்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுக் காட்சிகள் அதன் வழியாகப் பசிபிக் கடலைக் கடந்து அமெரிக்கா சென்றன. இடைப்பட்ட காலம் 19 ஆண்டுகளே.

எனினும் கிளார்க் சொன்ன யாவும் பலித்தனவெனக் கூறுதல் பொருந்தாது. அந்நிலையங்களில் மனிதர் தங்கியிருப்பர் என்றே அவர் எண்ணினார். வானொலிக் கருவிகளில் அன்றிருந்த வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும்; அவற்றை மாற்ற ஆள் வேண்டுமல்லவா? 1947 டிசெம்பரில் திரான்சிஸ்ரர் பிறந்ததும் அத்தேவை அற்றுப்போயிற்று. மேலும், இவ்வளையத்தைப் பற்றி ஹெர்மன் பொட்டொச்னிக் என்பவர் 1920களின் இறுதியிலேயே எழுதியிருந்தார். ஆகவே கிளார்க்கின் கட்டுரையை முழுக்க நம்பியவரும் ஓரளவு ஏமாந்திருப்பர். நகைத்துத் தள்ளியவர் முற்றிலும் ஏமாந்திருப்பர். அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தவரே எது நிலைக்கும், எது மாறும் என்று பிரித்தறிந்திருப்பார்.

அக்கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். வானத்தைப் பற்றி எழுதிய அவரை இங்கே இழுத்து வந்தது கடல். திருக்கோணேச்சரத்தின் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர் என்பதும், அதன் தூண்கள் சுவாமி மலையின் அடியிலே கடலுள் கிடக்கின்றன என்பதும் தலைமுறை தலைமுறையாக இவ்வூரார் பேசி வந்த செய்தி. 1956இல் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மூச்சுக் கருவி அணிந்து அப்பாறையடியில் மூழ்கினர். செதுக்கிய கற்களும் தூண் துண்டுகளும் அங்கே கிடக்கக் கண்டனர். ஊர்ப் பேச்சு பொய்யென்று தள்ளப்படவுமில்லை, சோதியாது ஏற்கப்படவுமில்லை. அது மூழ்கிப் பார்க்கப்பட்டது, மெய்யென்று தெளியப்பட்டது.

இதுகாறும் கூறியவை வியப்பும் பெருமையும் தருவன. ஆனால் பேச்சைப் பகுத்தறியும் பழக்கம் உயிரோடு தொடர்புடையது என்பதை இக்கரை 2004 டிசெம்பர் 26இல் கண்டது. அன்று காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவான நிலநடுக்கம் நேர்ந்தது. ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. கிளார்க் கனவு கண்ட செய்மதிகள் 40 ஆண்டுகளாக வானில் நின்றன. பசிபிக் கடலைக் கண்காணித்த நிலையம் நிலநடுக்கத்தை அறிந்தும் இருந்தது. ஆயினும் அவ்விரண்டு மணி நேரத்தில் கடற்கரைக் குடிசைக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. இந்து சமுத்திர நாடுகளுக்கெனச் செய்தி செல்லும் ஒழுங்கு எதுவும் அந்நாளில் இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று கரைகள் பலவற்றில் முதலலைக்குப் பின் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. என்றும் காணாத கடலடியைக் காணவும், துடித்த மீனைப் பொறுக்கவும் மக்கள் இறங்கிச் சென்றனர். அவ்வியப்பைக் கண்டவர் பலர். அதன் பொருளை அறிந்தவர் சிலரே. சுமாத்திராவை அடுத்த சிமெலு தீவிலோ 1907இல் நேர்ந்த பேரலையின் நினைவை முதியோர் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். நிலநடுக்கம் பிறந்த இடத்துக்கு மிக அண்மையில் இருந்தும் அத்தீவில் உயிரிழந்தோர் மிகச் சிலரே. தாய்லாந்துக் கரையில், பூகோள வகுப்பில் பேரலையைப் பற்றிக் கற்றிருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி கடலின் மாற்றத்தைக் கண்டு தாய் தந்தையரை எச்சரித்தாள்; அக்கடற்கரையிலிருந்தோர் தப்பினர். பாட்டியின் கதையும் பள்ளியின் பாடமும் அன்று ஒரே பணியைச் செய்தன.

பின்னர் எச்சரிக்கை ஒழுங்குகள் அமைந்தன. கடலடியில் வைத்த கருவி நீரழுத்தத்தின் மாற்றத்தை அளக்கின்றது. மேலே மிதக்கும் மிதவை அதனைச் செய்மதி வழியே கரைக்கு அனுப்புகின்றது. 2012 ஏப்ரில் 11ஆம் நாள் பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நிலநடுக்கம் நேர்ந்தபோது இலங்கையிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மக்கள் கரையை விட்டு அகன்றனர். பேரலை வரவில்லை.

இவ்வாறு அலை வராத நாளின் மறுநாட்பேச்சே மிகுந்த கவனத்துக்குரியது. "சும்மா ஓட வைத்தார்கள்" என்னும் சொல் சந்தியில் எளிதாகப் பரவும். அங்கே ஒருவரேனும், அலை ஏன் வரவில்லை என்று கேட்டல் வேண்டும். விடை இதுதான்: 2004இல் கடலடித் தட்டு மேலெழுந்து, தன் மேலிருந்த நீர் முழுவதையும் உயர்த்தியது. 2012இல் பாறைத் தட்டுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன, நீரை உயர்த்தவில்லை. தொட்டியின் அடியில் கையை வைத்து மேலே தூக்குவதற்கும், பக்கவாட்டில் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. நிலம் அதிர்ந்த முதல் நிமிடங்களில் அளவு தெரியும். அலை பிறந்ததா என்பது பின்னரே உறுதியாகும். அதுவரை காத்திருந்தால் ஓடுவதற்கு நேரம் இராது. ஆகவே அன்றைய எச்சரிக்கை பொய்யன்று. அன்றைய ஓட்டமும் வீணன்று. இதனை அறியாது நகைப்பவர், அடுத்த முறை ஓடாது நிற்பார். தம் சொல்லை நம்பிய அயலவரையும் நிறுத்திவைப்பார்.

ஆதலால் சந்திப் பேச்சு தொடரட்டும். புதுக் கருவியைப் பற்றியும், வானத்தின் விந்தையைப் பற்றியும், கடலின் குணத்தைப் பற்றியும் மக்கள் தாராளமாகப் பேசட்டும். ஒரு செய்தி வந்ததும், கண்டவர் யார், அது எவ்வாறு இயங்குகின்றது, உண்மையாயின் அடுத்து என்ன நேர்தல் வேண்டும் என்னும் மூன்று வினாக்களைக் கேட்கும் ஒருவர் ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் இருந்தாற் போதும். ஆனால் அபாய எச்சரிக்கை ஒலிக்கும் வேளையில் அவ்வினாக்களைக் கரையில் நின்று கேட்க வேண்டாம். மேட்டுக்கு ஏறிய பின் கேட்கலாம். அதற்கு அங்கே நேரம் நிறைய உண்டு.