உங்களுக்குத் தெரியுமா? செரம்பான் மலையில் விழுந்த லிபரேட்டர்

காஜாங்கிலிருந்து தெற்கே செரம்பானை நெருங்கினால் தெரியும் தெலாப்பாக் புரோக் மலையில், 1945 ஆகஸ்ட் 23 அன்று பிரிட்டிஷ் விமானப் படையின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று மோதி நொறுங்கியது. அதன் எண் கேஎல்654. கோகோஸ் தீவிலிருந்து புறப்பட்ட அது, ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போராடியவர்களுக்குப் பொருள்களைப் போட வந்தது. உள்ளே எட்டுப் பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

ஜப்பான் சரணடைவதாக அறிவித்து அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

நான்கு இயந்திரங்கள் கொண்ட லிபரேட்டரை அமெரிக்கா 18,000-க்கும் அதிகமாகத் தயாரித்தது. வேறெந்த அமெரிக்கப் போர் விமானமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. இருந்தும் பறக்கும் நிலையில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள். விமானப் பிரியர்கள் ஓர் உடைந்த இறக்கையைக்கூடப் பொக்கிஷமாகப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

மலாயா வரலாற்றுக் குழு அப்படிப்பட்ட ஆர்வலர்களின் கூட்டம். பழைய விமானச் சிதைவுகளைத் தேடி மழைக்காட்டில் அலைபவர்கள் அவர்கள். தெலாப்பாக் புரோக்கில் எட்டுப் பேரின் எச்சங்களையும் மீட்டெடுத்ததில் அவர்களுடைய உழைப்பு பெரிது. உலோகத்தின் மீதுள்ள மோகம் மனிதர்களை மறக்கவிடவில்லை என்பதே இதில் மிகவும் போற்றத்தக்கது.

2012 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸ் சாலை இடுகாட்டில், முழு இராணுவ மரியாதையுடன் எட்டுப் பேரும் நல்லடக்கம் செய்யப்பட்டனர். காஜாங்வாசிகள் தலைநகருக்குப் போய்வரும் பழைய சாலையும் இந்தச் செராஸ் சாலைதான்.