சரக்கு லாரியும் தாழ்ந்த பாலமும்

நெய்த சேலையும் விளைந்த பருத்தியும் கிடங்கை விட்டு வெளியேறியவுடன் சங்கத்தின் பொறுப்பு தீர்ந்தது என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். சரக்கு நனையாமலும் சிதையாமலும் போய்ச் சேர்ந்தால்தான் அங்கத்தினருக்குக் கூலியும் விலையும் கைக்கு வரும். ஆகவே, லாரி செல்லும் வழியைத் தீர்மானிப்பது ஓட்டுநரின் வேலை மட்டுமன்று, சங்கத்தின் வேலையுமாகும்.

ஆலங்குளத்தின் இருப்பிடத்தை நோக்குவோம். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை வடக்கிலும் மேற்கிலும் இவ்வூரை வளைத்துச் செல்கிறது. சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்லும் பாதை கிழக்கே உள்ளது. இரண்டும் விருதுநகரில் பிரிகின்றன. ஆகையால் மதுரைக்கோ, தூத்துக்குடித் துறைமுகத்துக்கோ, செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கோ நம் சரக்கு செல்லுமாயின், எங்கேனும் ஓரிடத்தில் இருப்புப்பாதையைக் கடந்தே ஆகவேண்டும்.

கடக்கும் வழிகள் மூன்று. மேம்பாலத்தில் உயரத் தொல்லை இல்லை. ரயில்வே கேட்டில், மின்மயமான பாதையாயின், மேலே 25,000 வோல்ட் மின்கம்பி செல்கிறது. அதற்காகவே இருபுறமும் உயரத்தைக் கட்டுப்படுத்தும் இரும்புச் சட்டம் நிறுத்தப்பட்டுள்ளது. மூன்றாவது வழி சுரங்கப்பாதை. அகலப் பாதைகளில் ஆளில்லா ரயில்வே கேட்டுகள் 2019 ஜனவரிக்குள் நாடெங்கும் ஒழிக்கப்பட்டன. அவற்றுள் பல, உயரம் குறைந்த சுரங்கப்பாதைகளாக மாறின.

இங்கேதான் இரண்டு இடர்கள் ஒன்றுசேர்கின்றன. பாலத்தின் அடியில் உயரம் கிடைப்பதற்காகச் சாலையைப் பள்ளமாக வெட்டுகிறார்கள். வெயிற் காலத்தில் லாரியின் தலை இடிக்கும் இடமே மழைக் காலத்தில் நீர் தேங்கும் இடமாகிறது. தாழ்ந்த பாலத்தையும் மழையையும் தனித்தனியே எண்ணுவது பிழை.

சங்கங்களின் பதிவேடுகளைப் பரிசோதிக்கையில் சரக்கின் எடை தவறாமல் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். உயரம் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பது அரிது. பருத்தியும் வைக்கோலும் எடையில் குறைந்தவை. ஆனால் உயரமாக அடுக்கப்படுபவை. எடைமேடையில் தேறிய லாரி பாலத்தில் சிக்கிக்கொள்ளக் கூடும். மேலும், பாரம் இறங்கியதும் வில்பட்டைகள் நிமிர்ந்து லாரியின் கூடு சற்று உயரும். போகும்போது நுழைந்த பாலம் திரும்பும்போது இடிப்பது இதனால்தான். சாலைக்கு மீண்டும் தார் போடும்போது, பலகையில் எழுதிய உயரமும் உண்மையில் குறைந்துவிடுகிறது.

எச்சரிக்கைப் பலகை மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் டர்ஹாம் நகரத்து ரயில் பாலம் சான்று. அதன் உயரம் 11 அடி 8 அங்குலம். பலகைகளும் மின்விளக்குகளும் இருந்தும் லாரிகள் மோதிக்கொண்டே இருந்தன. இறுதியில் 2019இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்தினர். அதன் பின்னும் மோதல் முற்றிலும் நிற்கவில்லை.

இனி மழையைப் பற்றி. தீபாவளி விற்பனைக்குச் சேலைக் கட்டுகள் புறப்படும் அக்டோபர், நவம்பர் மாதங்களே வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் மாவட்டவாரியாக வெளியாகின்றன. லாரி புறப்படும் மாவட்டத்தை மட்டுமன்றி, கடந்து செல்லும் மாவட்டங்களையும் பார்க்கவேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் சாலைகள் துண்டிக்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. இரண்டடி ஆழத்தில் விரைந்தோடும் நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்ல வல்லது. தேங்கிய நீரோ தன் ஆழத்தைக் காட்டாது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு சேதமடைந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்த பின்னரே வழக்குத் தொடரலாம். இயற்கைச் சீற்றத்தால் நேர்ந்த இழப்புக்குப் போக்குவரத்தாளர் பொறுப்பு நீங்கவும் இடமுண்டு. ஆகவே, வழக்கை நம்பியிருப்பதைவிட வழியைச் சீர்செய்வதே மேல்.

சங்கங்கள் செய்யவேண்டியவை அதிகமில்லை. படுதா கட்டிய பின் உச்சி உயரத்தை நாடாவினால் அளந்து, சரக்குச் சீட்டில் எடைக்குப் பக்கத்திலேயே எழுதுக. செல்லும் வழியையும், அது அடைபட்டால் செல்லவேண்டிய மாற்று வழியையும் குறிப்பிடுக. சுற்றுவழிக்கு ஆகும் டீசல் செலவைச் சங்கம் ஏற்கும் என்றும், நீர் வடியும்வரை நின்றதற்காக வாடகையில் பிடித்தம் இராது என்றும் தெளிவாக எழுதிக் கொடுக்க. தாமதத்துக்குத் தண்டம் விதிக்கப்படும் என்ற அச்சமே பல ஓட்டுநர்களைத் தண்ணீருக்குள் இறங்கச் செய்கிறது.

ஒரு நாள் பிந்திய சேலை விலைபோகும். நனைந்த சேலை விலைபோகாது. போன உயிர் திரும்பாது. இதனை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.